அகிலும் ஊதும்: ஒரு நறுமணப் புட்டியை முன்வைத்து

அரபு மொழியில் ‘ஊத்’ என்னும் சொல்லுக்குக் கட்டை, கோல் என்பதே முதற்பொருள். நரம்பு பூட்டிய இசைக்கருவிக்கும் அப்பெயர் உண்டு. தணலில் இட்டால் மணக்கும் அகிற்கட்டைக்கும் அப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் ‘வுட்’ என்றாலும் கட்டைதான். ஆகவே, ‘ஊத் வுட்’ என்று பெயர் சூட்டி உலகெங்கும் விற்கப்படும் நறுமணத்தைத் தமிழில் சொல்வதானால் ‘கட்டைக்கட்டை’ என்றே சொல்ல வேண்டும். ‘நடு சென்டர்’, ‘கேட்டுக் கதவு’ என்று நம் ஊர்களில் வழங்கும் இரட்டைச் சொற்களைப் போன்றது இது. இரு சொற்களுள் ஒன்றின் பொருள் மறந்துபோன இடத்தில்தான் இத்தகைய இரட்டிப்பு பிறக்கும். பெயரைச் சூட்டியவர்களுக்கு ‘ஊத்’ என்பது ஒரு பொருளின் பெயராக இல்லை. கீழ்த்திசை இரவு, மர்மம், செல்வம் ஆகியவற்றை ஒருசேர நினைவூட்டும் ஓர் ஓசையாகவே இருந்திருக்கிறது.

அந்த ஓசைக்குப் பின்னே இருக்கும் பொருளை அறிந்தவர்கள் நாம். தமிழராக அதனை அகில் என்றும், முஸ்லிம்களாக ஊது என்றும் அறிந்தவர்கள். எனவே இந்த நறுமணத்தை மதிப்பிடும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. அழகுப் பொருளைப் பற்றித் திறனாய்வு எதற்கு என்று சிலர் வினவலாம். கவிதையைப் போலவே நறுமணமும் ஒருவர் இயற்றும் கலைப்படைப்பு. அதற்கும் அமைப்பு உண்டு, மரபு உண்டு, வாய்மையும் பொய்ம்மையும் உண்டு.

புட்டியின் வரலாறு

மேலை நாட்டு நறுமணக் கலையில் அகில் மையப்பொருளாக இடம்பெற்றது மிக அண்மைக்காலத்தில்தான். 2002ஆம் ஆண்டு பிரெஞ்சு நிறுவனமான ஈவ் சேன் லோரான் ‘எம் 7’ என்ற ஆண்களுக்கான நறுமணத்தை வெளியிட்டது. அல்பெர்த்தோ மொரியாஸ், ஜாக் கவாலியே ஆகிய இருவர் அதனை இயற்றினர். அந்நிறுவனத்தின் கலை இயக்குநராக அப்போது இருந்தவர் டாம் ஃபோர்டு. விளம்பரங்களுள் ஒன்றில் ஆடையே இல்லாத ஆண் உருவம் இடம்பெற்றது. நறுமணம் அங்காடியில் பெருவெற்றி பெறவில்லை; ஆனால் பின்வந்தவற்றுக்கு வழி திறந்தது. டாம் ஃபோர்டு தம் பெயரிலேயே தொடங்கிய நிறுவனம் 2006இல் ‘பிளாக் ஆர்க்கிட்’ என்ற இருண்ட நறுமணத்தையும், 2007இல் ரிச்சர்ட் ஹெர்பின் இயற்றிய ‘ஊத் வுட்’ நறுமணத்தையும் வெளியிட்டது. அதன்பின் ஊதின் பெயர் தாங்காத உயர்விலை நறுமண நிறுவனத்தைக் காண்பது அரிதாயிற்று. இன்று கோவையின் ஒப்பணக்கார வீதியிலும் கோட்டைமேட்டிலும் சிறு புட்டிகளில் விற்கப்படும் ‘பிளாக் ஊது’ வகைகள் யாவும் அந்த அலையின் நுரைகளே.

இந்நறுமணங்களை மாலைக்கும் இரவுக்கும் உரியவை என்று விற்பதில் ஓர் இயல்பறிவும் இருக்கிறது. நறுமணக் கலவையில் முதலில் எழுவன எளிதில் ஆவியாகும் எலுமிச்சை, ஏலம் போன்றவற்றின் மணங்கள். அடுத்து வருவன மலர்கள். இறுதிவரை தோலிலும் துணியிலும் தங்குவன மரம், பிசின், கஸ்தூரி ஆகியவற்றின் கனத்த மணங்கள். பகல் வெயிலில் இக்கனம் திணறச் செய்யும். குளிர்ந்த மாலையில் மெல்ல விரியும். ஆகவே அடிமணம் மிகுந்த கலவையை மாலைக்கு ஒதுக்குவது பொருத்தமே.

‘ஊத் வுட்’ அவ்வாறே அமைந்திருக்கிறது. தெளித்தவுடன் ஏலமும் சீன மிளகும் எழுகின்றன. பின்னர் நூக்கமரத்தை நினைவூட்டும் உலர்ந்த மர மணம். இறுதியில் சந்தனமும் வெட்டிவேரும் சற்றே வனிலாவின் இனிமையும் சேர்ந்து அமைதியாக அடங்குகின்றன. ஆனைமலையின் ஏலத்தையும் சத்தியமங்கலக் காடுகளின் சந்தனத்தையும் அறிந்த கொங்கு நாட்டு மூக்குக்கு இதில் அந்நியமாக ஏதும் இல்லை. கூர்மை எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை; ஒரு மணம் மற்றொன்றுக்குள் கரையும் இடம் தெரியாமல் கரைகிறது. இயற்றியவரின் கைத்திறனை மறுப்பது நேர்மையாகாது.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. பெயருக்கு உரிய ஊது அதில் எங்கே?

காயத்தில் பிறக்கும் மணம்

அகில் தரும் அக்குவிலேரியா மரம் நலமாக இருக்கும்வரை அதன் கட்டை வெளிறியது, இலேசானது, மணமற்றது. வண்டு துளைத்தோ கிளை முறிந்தோ காயம்பட்டு, அந்தக் காயத்தில் பூஞ்சை புகும்போது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரிய பிசினைச் சுரக்கிறது. ஆண்டுகள் பல செல்லச் செல்ல அப்பிசின் ஊறி, கட்டை கறுத்துக் கனத்து, உயர்ந்த வகையாயின் நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்கிறது. அகிலின் இருள் மரத்தின் காயத்திலிருந்தும் காலத்திலிருந்தும் வருவது.

அதன் தைலமும் எளிதில் பழகக்கூடியதன்று. அஸ்ஸாமின் ஹோஜாய்ப் பகுதி அகில் வாணிகத்துக்குப் பேர்பெற்றது. கட்டையைச் சீவி, நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, பின்னர் வாலையில் இட்டு வடிப்பது அஸ்ஸாமிய முறை. ஊறலின் புளிப்பும் தொழுவத்தின் வாடையும் பதனிட்ட தோலின் நெடியும் முதலில் முகத்தில் அறையும். பொறுத்திருப்பவருக்கே பின்னர் தேனும் பழைய மரப்பெட்டியின் குளிர்ச்சியும் வெளிப்படும். அரபு நாடுகளில் இவ்வகையை ‘ஹிந்தி’ என்றே அழைக்கின்றனர்.

‘ஊத் வுட்’ நறுமணத்தில் இந்த முதல் அறைதல் இல்லை. பொறுத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. மேலை மூக்குக்கு ஒவ்வாதன என்று கருதத்தக்க யாவும் நீக்கப்பட்டு, வழவழப்பான மர மணம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. துணிவுமிக்க இருண்ட நறுமணம் என்று புகழப்படும் இது, உண்மையில் மிகவும் அடக்கமான, எவரையும் அச்சுறுத்தாத நறுமணம். இருள் கண்ணாடியில் இருக்கிறது, கலவையில் இல்லை. இவ்வகையில் முன்னோடியான ‘எம் 7’ இதனைவிடத் துணிவானது என்பேன். அதன் விளம்பரம் நம் நாண உணர்வுக்கு ஒவ்வாதது. ஆயினும் அந்தக் கலவையில் மருந்துநெடியும் கசப்பும் மறைக்கப்படாமல் நின்றன. அங்காடி அதனைத் தள்ளிவிட்டு இதனை ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

துறைமுகத்தின் பெயரால்

இங்கே நம் முன்னோர் அகிலை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதைக் கருதிப் பார்க்கலாம். பட்டினப்பாலை மேற்கு மலையின் சந்தனத்தையும் அகிலையும் பூம்புகார்த் தெருக்களில் காட்டுகிறது. திருமுருகாற்றுப்படையின் அருவி அகிலைச் சுமந்து இறங்குகிறது. மேற்கு மலையின் அகில், கடல் கடந்து வந்த அகிலினும் வேறான மரமாக இருக்கலாம். கேரளத்தில் இன்றும் வெள்ளகில் என்று வழங்கும் மரம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த வேறுபாட்டை அறிந்து எழுதியவர் சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார். ஊர்காண் காதையில் அகிலின் வகைகளைக் கூறுமிடத்து அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று நான்கினை அவர் அடுக்குகிறார். அருமணம் இன்றைய மியன்மாரின் கடற்கரைப் பகுதி. தக்கோலம் மலாய்த் தீபகற்பத்தின் மேலைக்கரைத் துறை. கிடாரம் இன்றைய மலேசியாவின் கெடா.

அடியார்க்குநல்லார் நம் கொங்கு நாட்டவர். அவருடைய ஊராகிய நிரம்பையை விசயமங்கலம் பகுதியோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. கொங்கு மண்டல சதகம் அவரை இந்நாட்டின் பெருமைகளுள் ஒருவராகப் போற்றுகிறது. கடலைக் காணாத உள்நாட்டு ஊரில் பிறந்த ஓர் உரையாசிரியர், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், அகில் ஒவ்வொன்றும் எந்தக் கரையில் கப்பலேறியது என்று தெரிந்துவைத்திருந்தார். அரபு நூல்களிலோ ‘ஸன்ஃபீ’ என்றால் சம்பா நாட்டு ஊது. ‘கமாரீ’ என்றால் கெமர் நாட்டு ஊது. ‘மன்தலீ’ என்றால் இந்திய ஊது. தமிழ் உரையாசிரியரும் அரபு வணிகரும் ஒரே முறையில், பிறந்த மண்ணின் பெயரால், அப்பொருளை அழைத்தனர். எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அகிலை விற்பது அன்று வணிகமாகக் கருதப்படவில்லை.

இன்றைய புட்டியின் அட்டையைப் பாருங்கள். சாராவி, நீர், ‘பர்ஃப்யூம்’ என்னும் ஒற்றைச் சொல், அதனையடுத்து ஒவ்வாமை தரக்கூடிய சில வேதிப்பொருள்களின் பட்டியல். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அஸ்ஸாமும் இருக்கலாம், ஐரோப்பிய ஆய்வுக்கூடமும் இருக்கலாம். ஊதின் பெயரால் விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை செயற்கை மூலக்கூறுகளால் கட்டப்பட்ட போலி ஊதையே நம்பியிருக்கின்றன என்பது அத்தொழிலில் இருப்போர் ஒளிக்காத செய்தி. ஒளிப்பது அட்டைதான்.

செயற்கை என்பதாலேயே அது குற்றம் என்று நான் கூறவில்லை. அல்கிந்தீ பெயரில் வழங்கும் நறுமண வேதியியல் நூல், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகளைக் கொண்ட அதில் அரிய பொருள்களுக்கு மாற்றுச் செய்யும் வழிகளும் உள்ளன. மேலும், அக்குவிலேரியா மலாக்சென்சிஸ் மரம் 1995 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2004இல் பாங்காக் மாநாடு அப்பேரினம் முழுவதையும் பட்டியலில் சேர்க்க முடிவு செய்தது. 2018ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அம்மரம் அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. காட்டைக் காக்கும் செயற்கை மணம் ஒருவகையில் நன்மையே. சந்தனக் கடத்தலின் வரலாற்றை அறிந்த சத்தியமங்கலத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாற்றினை மாற்று என்று சொல்ல வேண்டும். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே குவித்திருந்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. தானியத்தில் ஈரம் இருந்தது குற்றமாகவில்லை. அதை மேலே தெரியும்படி வைக்காததுதான் குற்றம். ஷைஸரீ போன்றோர் எழுதிய சந்தைக் கண்காணிப்பு நூல்கள் நறுமண வணிகருக்கெனத் தனி இயல் வகுத்துக் கலப்படங்களைக் காட்டிக்கொடுத்ததன் அடிப்படையும் இதுவே.

இந்த உரைகல்லில் மேலை நிறுவனங்களை மட்டும் உரைத்துப் பார்ப்பது நீதியாகாது. நம் பள்ளிவாசல் தெருக்களிலும் நூறு ரூபாய்ப் புட்டியில் ‘அசல் ஊது’ விற்கப்படுகிறது. அவ்விலைக்கு அசல் ஊதுத் தைலம் கிடைக்காது என்பதை விற்பவரும் அறிவார். வாங்குபவரும் ஓரளவு அறிவார். அதனினும் வருந்தத்தக்கது, அவ்வணிகத்துக்கு ஹதீஸைத் துணைக்கு அழைப்பது. ‘அல்ஊதுல் ஹிந்தீ’யில் ஏழு நிவாரணங்கள் உண்டு என்னும் நபிமொழி பல கடைகளில் அகில் தைலத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அதனை ‘குஸ்த்’ பற்றிய பாடத்தில் பதிவு செய்துள்ளார்கள். அங்கே குறிக்கப்படும் இந்தியக் கட்டை குஸ்த். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று கிடைக்கும் வேர். அது மருத்துவம் பற்றிய செய்தி; அகில் பற்றியதன்று. அகிலுக்கு ஹதீஸில் இடம் இல்லாமல் இல்லை. சுவனவாசிகளின் தூபக்கால்களில் எரிவது ‘அலுவ்வா’ என்று புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்கின்றன. அலுவ்வா என்பது ஊதுதான். இப்னு உமர் (ரலி) அவர்கள் கலப்பில்லாத அலுவ்வாவையும், சில வேளை அதனுடன் கற்பூரத்தையும் புகைத்து, நபியவர்களின் வழக்கமும் இதுவே என்று கூறியதாக முஸ்லிமில் உள்ளது. உண்மையான சான்று கைவசம் இருக்கப் பொருந்தாச் சான்றைத் தேடுவானேன்?

தட்டும் புட்டியும்

இறுதியாக, இந்நறுமணம் யாருக்காக என்னும் வினா எஞ்சுகிறது. கொங்கு நாட்டு ராவுத்தர் குடும்பங்களின் பழைய திருமணங்களையும் மவ்லித் அவைகளையும் நினைவுகூருங்கள். பன்னீர்ச் செம்பு ஒருபுறம் வரும். சந்தனக் கிண்ணம் ஒருபுறம் வரும். ஊதும் சாம்பிராணியும் புகையும் தட்டு வரிசை வரிசையாகக் கடந்து செல்லும். ஜமாஅத் தலைவரும் கூலிக்காரரும் ஒரே புகையை முகத்தில் ஏந்திக்கொள்வர். அந்த மணம் எவருடையதும் அன்று, அவையினுடையது. மஸ்ஜிதுந் நபவீயில் நறும்புகை இடும் பணியைச் செய்த குடும்பத்தில் வந்ததால் நுஐம் பின் அப்துல்லாஹ் (ரஹ்) என்னும் ஹதீஸ் அறிவிப்பாளருக்கு ‘அல்முஜ்மிர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பொதுக் கருவூலத்தின் கஸ்தூரி தம் முன்னே கொண்டுவரப்பட்டபோது உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதாக ஒரு செய்தி உண்டு. நறுமணத்தின் பயன் அதன் மணம்தானே, மக்களின் சொத்தை நான் எவ்வாறு நுகர்வேன் என்பது அவர்களின் வாதம். மணத்தைப் பொதுவுடைமையாக எண்ணிய ஓர் உள்ளத்தின் எல்லை அது.

உயர்விலைப் புட்டி இதற்கு நேர்மாறான திசையில் நிற்கிறது. ஒருவரை அவையிலிருந்து பிரித்துக் காட்டுவதே அதன் பணி. அருகே வருவோர் அணிந்தவரின் விலையை நுகர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அழகுபடுத்திக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. நறுமணம் நபியவர்களுக்கு உவப்பாயிருந்தது. அன்பளிப்பாக வரும் நறுமணத்தை மறுக்க வேண்டாம் என்றும் அவர்கள் பணித்தார்கள். வெள்ளிக்கிழமைக் குளியலோடு நறுமணம் பூசுவது சுன்னத்து. ஆனால் இவை அனைத்திலும் நறுமணம் பிறருக்குத் தரப்படும் ஒன்றாகவே இருக்கிறது. கஸ்தூரி சுமப்பவரின் உவமையும் அதையே சொல்கிறது: அவர் தராவிட்டாலும், நாம் வாங்காவிட்டாலும், அருகில் இருந்ததற்காகவே மணம் நமக்குக் கிடைத்துவிடுகிறது. நல்ல தோழமைக்கு அதைவிடப் பொருத்தமான ஒப்புமை ஏது? ஊதும் புகைத்தட்டில் இருக்கும்வரை அந்த உவமைக்கு உரியதாகவே இருந்தது.

நம் இளைஞர்கள் வளைகுடாவிலிருந்தோ பெருநகரக் கடைகளிலிருந்தோ பெரும்பொருள் கொடுத்து இப்புட்டியை வாங்கி வருகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்கள் தேடுவது இழிவான பொருளை அன்று. தம் பாட்டனார் வீட்டில் மணந்த ஒன்றைத்தான், அது தம் பாட்டனார் வீட்டுப் பொருள் என்று அறியாமலே தேடுகின்றனர். அறியாமை அவர்களுடையது மட்டுமன்று. ஊதுவத்தி என்னும் சொல்லின் முற்பகுதியை வாயால் ஊதும் ‘ஊது’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் தமிழர் பலர்; அது ‘ஊத்’ என்னும் அரபுச் சொல்லே, ‘ஊத் பத்தி’ என்பதே அதன் மூலம். கோவிலிலும் தர்காவிலும் வீட்டிலும் தமிழர் அனைவரும் நாள்தோறும் சொல்லும் சொல்லில் அரபியின் ஊத் ஒளிந்திருக்கிறது; அலுவ்வா என்னும் அரபுச் சொல்லையோ அகிலுடன் உறவுடையது என்று கூறும் மொழியறிஞர் உளர். இரு மொழிகளும் ஒரு கட்டையின் மீது இவ்வளவு நெருக்கமாகக் கைகோத்திருக்க, அதன் பெயரை நாம் ஆங்கில எழுத்தில் படித்துப் புதுமை என்று வியக்கிறோம்.

என் மதிப்பீட்டைத் தொகுத்துச் சொல்கிறேன். ‘ஊத் வுட்’ நன்கு இயற்றப்பட்ட நறுமணம், அமைதியானது, நாகரிகமானது. ஆனால் அது ஊது அன்று. அதன் துணிவும் இருளும் விளம்பரத்தின் துணிவும் கண்ணாடியின் இருளுமே. ஏலமும் சந்தனமும் மணக்கும் ஒரு மாலை நறுமணமாக அதை விரும்பி அணிவோர் அணியட்டும். ஊதை அறிந்துவிட்டோம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். ஊதை அறிய விரும்புவோர் நேர்மையான வணிகரிடம், எந்த ஊர்க் கட்டை என்று கேட்டு, விரற்கடை அளவேனும் வாங்கித் தணலில் இடட்டும். முதலில் எழும் நெடிக்கு முகம் சுளிக்காமல் சற்றுப் பொறுக்கட்டும். கதவைத் திறந்துவைத்தால் அந்தப் புகை அடுத்த வீட்டாருக்கும் போய்ச் சேரும்.